அத்தானின் இடுப்பளவு

எங்கள் அத்தான் ஓர் அறைக்குள் நுழைவதற்கு முன்னால் அவருடைய வயிறு நுழைந்துவிடும். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். புதிதாக ஒருவரைப் பார்த்தால் போதும், பேர் சொல்வதற்கு முன்பே இந்த வசனத்தை எடுத்துவிடுவார். எதிராளி விழுந்து விழுந்து சிரிப்பான். அத்தானும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நான் மட்டும் சிரிக்கமாட்டேன். மற்றவர்கள் சொல்வதற்குள் தானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் கொஞ்சம் வலி குறையும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு எனக்கு அடியோடு பிடிக்காது.

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். என் அக்காவைக் கட்டியவர். நான் அவர்கள் வீட்டு மாடியில் இருக்கிறேன். பகலெல்லாம் இரும்புக் கடையில் பில் போட்டுவிட்டு, சாயங்காலம் கீழே இறங்கி அக்கா கையால் சாப்பிடுவேன். கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளாததால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அத்தான் கேலி செய்வார். இருக்கட்டும்.

டிப்போவில் அவருக்கு வைத்த பெயர் 'டபுள் டெக்கர்'. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாலைந்து தடியன்கள் அவரைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பார்சல் எடை போடும் தராசில் ஏற்றி, முள் எங்கே நிற்கிறது என்று ஏலக்காரன் மாதிரிக் கூவினார்களாம். அன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். ஆனால் அதற்குப் பிறகு எந்தத் தராசிலும் அவர் கண்ணைத் திறந்துகொண்டு ஏறியதில்லை. வருடாந்தர மருத்துவப் பரிசோதனையில்கூடச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "எழுதிக்கோங்க சிஸ்டர், வாய்விட்டுச் சொல்லிடாதீங்க" என்பார்.

ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் அவர் வேறு ஆள். பிரேக் போட்டதே தெரியாமல் வண்டி நிற்கும். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண்கள் இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு அவர் வண்டிக்காகக் காத்திருந்து ஏறுவார்கள். அந்த ஆசனத்தில் உட்கார்ந்தால்தான் தன் உடம்பு யாருக்கும் இடைஞ்சலாக இல்லை என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

அக்கா தையல்காரி. வீட்டு முன்னறைதான் கடை. இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டு மேசை, ஆளுயரக் கண்ணாடி ஒன்று. அளவுநாடாவைக் கழுத்தில் போட்டிருப்பாளே தவிர, பாதி நேரம் அது அவளுக்குத் தேவைப்படாது. தெருவில் போகிற ஆளின் முதுகைப் பார்த்தே சட்டை எங்கே இழுக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவள் தைத்த உடுப்பு ஒருத்தர் உடம்பில் தொளதொளவென்று நின்றால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. அத்தானின் சீருடையும் அவள் தைப்பதுதான். அவர் அளவுக்குக் கடையில் எங்கே கிடைக்கும்?

பேண்ட்டின் பின்பக்க நடுத்தையலில் கொஞ்சம் துணியை உள்ளே கூடுதலாக விட்டுத் தைப்பது தையல்காரர்களின் வழக்கம். உடம்பு போட்டால் பிரித்துவிடலாம், இளைத்தால் பிடித்துக்கொள்ளலாம். அத்தானுக்கு மட்டும் அக்கா அதில் இரண்டு பங்கு விடுவாள். ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போடும்போது, அந்த வாரம் அவர் குனிய எழச் சிரமப்பட்டாரென்றால், சத்தம் காட்டாமல் தையலைப் பிரித்து ஒரு நூல் தள்ளித் தைத்துவிடுவாள். இப்படியே வருடக்கணக்காக நடந்தது. அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் மனசு நோகும். எனக்கும் தெரியும், நானும் சொன்னதில்லை.

அதனால் மனிதர் ஊரெல்லாம் ஒரு பெருமை அடித்துக்கொண்டு திரிந்தார். "கல்யாணத்துல எடுத்த அளவுதான் இன்னிக்கும். நான் குண்டுதான், ஆனா ஒரே குண்டு. ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல." இதைக் கேட்டால் அக்கா தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுப்பாள். எனக்குச் சிரிப்பு முட்டும். தன் உடம்பைப் பற்றி அந்த மனிதருக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். அதை நாங்கள்தான் நூல் போட்டுத் தைத்துக் கொடுத்திருந்தோம்.

போன வருடப் பரிசோதனையில் சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. டிப்போ டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் சர்க்கரையும் எடையும் இறங்கினால் வண்டி, இல்லாவிட்டால் யார்டில் பஸ் கழுவுகிற வேலை. பிறகு எழுந்து போகிறவரைக் கூப்பிட்டு, "சோறு, குழம்பு எல்லாத்தையும் இன்னையோட மறந்துடுங்க. உங்க வீட்டுச் சாப்பாடுதான் உங்களுக்கு விஷம்" என்றாராம். என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு சாப்பிடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயிற்றைப் பார்த்தார், தீர்ப்புச் சொல்லிவிட்டார். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தான் வீட்டுக்கு வந்ததும் அடுக்களைப் பக்கமே திரும்பவில்லை. ஒரு பை நிறைய ஓட்ஸும், அட்டையைக் கடிப்பது போன்ற பிஸ்கட்டும் வாங்கி வந்திருந்தார்.

அக்கா கெஞ்சினாள். "ஏங்க, சோத்தை ஒரு கரண்டியா குறைச்சிடுறேன். கீரையும் பருப்பும் கூட வைக்கிறேன். மீனைப் பொரிக்காம குழம்புல போடுறேன். நம்ம சாப்பாட்டையே அளவா சாப்பிடலாமே."

"ஒரு கரண்டியோட நான் நிறுத்துவேனா? என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? வாய்ல பட்டா அவ்வளவுதான். வேணாம்மா. கண்ணுலயே காட்டாத."

அன்றிலிருந்து அவர் சாப்பாடு தனி. பசை மாதிரி எதையோ கரைத்து வைத்துக்கொண்டு பின்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து விழுங்குவார். அக்கா குழம்பு தாளிக்கிற சத்தம் கேட்டால் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். வாசம் அடங்கும்வரை விளக்குக் கம்பத்தடியில் நிற்பார். ஒருநாள் நான் கடையிலிருந்து வரும்போது அங்கே நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "தூசி, மச்சினி" என்றார். பரிமாறிய தட்டை எடுக்காமல் அக்காவும் அன்றைக்குப் பட்டினி கிடந்தாள்.

இளைக்கத்தான் செய்தார். கன்னம் ஒட்டியது, கழுத்தில் நரம்பு தெரிந்தது. ஆனால் கண்ணாடியை அவர் நம்பமாட்டார். வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் சவரம் செய்யப் பழகிய ஆள். யாராவது "இளைச்சிட்டீங்களே" என்றால் கேலி என்று எடுத்துக்கொள்வார். அப்படிச் சொல்லிவிட்டுப் பின்னால் கண்ணடிக்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். தராசு வேண்டாம், கண்ணாடி வேண்டாம், மனிதர்கள் வேண்டாம். மிச்சமிருந்தது பேண்ட் ஒன்றுதான். பெல்ட் போடும் பழக்கமும் கிடையாது, வயிற்றை அறுக்கிறது என்பார். காலையில் கொக்கியை மாட்டிவிட்டு இடுப்புப் பட்டிக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். விரல் நுழையாது. நேற்று எப்படி இறுக்கமாக இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருக்கும். அவரோடு போகிற கண்டக்டர் தம்பி பின்னால்தான் எங்களிடம் சொன்னான். "அண்ணே, வத்திப் போயிட்டீங்க, ஒருவாய் சாப்பிடுங்கன்னு சொல்வேன். 'என் பேண்ட் பொய் சொல்லாதுடா'ம்பாரு."

பேண்ட் பொய்தான் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டுதானே இருந்தாள். அவர் வாசலில் நடந்து போகும்போது பின்பக்கம் சுருக்கம் விழுவது அவள் கண்ணில் பட்டது. உடனே பழைய தையலைப் பிரிக்காமலேயே இன்னும் உள்ளே தள்ளிப் பிடித்துத் தைத்தாள். அடுத்த வாரம் மறுபடியும். இந்தத் தடவை பிரித்துவிடவில்லை, பிடிக்கிறோம் என்று அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. பரிசோதனைக்குப் போகும்போது பொருத்தமான உடுப்பில், நாலு பேர் மதிக்கிற மாதிரிப் போகட்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். இளைத்தது அவர் உடம்பு, அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தாள். அதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதுதான் அந்த வீட்டுப் பழக்கம்.

பிடிக்கப் பிடிக்க உள்ளே துணி சுருண்டு கயிறு மாதிரித் தடித்தது. அது அவர் இடுப்புக்குப் பின்னால் குத்தியது. அத்தான் என்ன நினைப்பார்? முன்னைவிட இறுக்குகிறது என்றுதானே நினைப்பார்? ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். பிறகு டிப்போவில் குடிக்கிற டீயை விட்டார். பிஸ்கட்டையும் எண்ண ஆரம்பித்தார். மாத்திரையை மட்டும் விடவில்லை. வெறும் வயிற்றில் வேளை தவறாமல் விழுங்கினார்.

பரிசோதனைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. பஸ் நிலையத்தில் ஆட்கள் ஏறி உட்கார்ந்தாயிற்று. கண்டக்டர் தம்பி விசில் கொடுத்தான். வண்டி நகரவில்லை. இன்னொரு விசில். ஹாரன் அடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் அத்தான் ஸ்டீயரிங்கின் மேல் முகத்தை வைத்துக் கிடக்கிறார். உடம்பெல்லாம் வியர்வை. சாவியை இன்னும் திருப்பவில்லை. திருப்பி நாலு தெரு ஓட்டிய பிறகு இது நடந்திருந்தால்?

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. நினைவு வரவில்லை. படுக்கை விரிப்பை மாற்ற நர்ஸ் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். "இது என்ன? இடுப்புக்குப் பின்னாடி தோல் உரிஞ்சு கிடக்கு?"

"பேண்ட் சிஸ்டர்" என்றான் கண்டக்டர் தம்பி. "குத்துது, டைட்டா இருக்கு, இன்னும் இளைக்கவே இல்லைன்னு தினமும் புலம்புவாரு."

"இளைக்கலையா? இவரா?" நர்ஸ் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அக்கா கட்டிலுக்கடியில் இருந்த பையிலிருந்து பேண்ட்டை எடுத்தாள். உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பினாள். தடித்துச் சுருண்டிருந்த அந்தத் துணியைக் கட்டை விரலால் தடவினாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் புடிச்சேன். வாரா வாரம் நான்தான் புடிச்சேன். இதை வெச்சா அவரு பாத்துட்டிருந்தாரு? ஐயோ, இதை வெச்சா?"

எனக்கு அவள்மேல் இரக்கம் வருவதற்குப் பதில் ஆத்திரம்தான் வந்தது. "பாதித் துணியை உள்ள வெச்சுத் தைச்சிருக்கியே, வெட்டியாவது எறிஞ்சிருக்கக் கூடாதா? புண்ணாவது ஆகாம இருந்திருக்கும்" என்று கத்தினேன்.

"வெட்டினா திரும்ப வருமாடி? அவரு மறுபடியும் பழையபடி ஆயிட்டா நான் எதைப் பிரிச்சு விடுறது?" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அதை விலக்கிவிட்டு, "எனக்கு அவரை அப்படித்தான் புடிக்கும்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்க வேண்டியவர் கண்மூடிக் கிடந்தார்.

மறுநாள் அத்தான் கண் விழித்தார். வார்டு டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். சர்க்கரை குறைந்து வெகு நாளாகியிருக்க வேண்டும், சாப்பாடே இல்லாமல் மாத்திரையை மட்டும் போட்டதில் அபாயக் கட்டத்துக்கு இறங்கிவிட்டது, இன்னொரு தடவை இப்படி ஆனால் தன்னால் உத்தரவாதம் தர முடியாது. "சோறு விஷம் இல்லைங்க. உங்க வீட்டுச் சாப்பாட்டையே சாப்பிடுங்க. சோத்தைக் குறைச்சுக் காய், பருப்பு, மீனைக் கூட்டிக்கோங்க. மாத்திரையை நான் மாத்தித் தரேன். இப்ப நீங்க சாப்பிட்டே ஆகணும்."

அத்தான் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார். டாக்டரம்மா போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்கா வீட்டுக்கு ஓடிப்போய்ப் பொங்கி எடுத்து வந்தாள். குழைந்த சோறு, பருப்பு, கீரை. மூடியைத் திறந்ததும் அத்தான் மூக்கைப் பொத்திக்கொண்டார். "எடுத்துட்டுப் போ. செக்கப் முடியட்டும். டிப்போ டாக்டர் சொல்லியிருக்காருல்ல, பாஸானாத்தான் வண்டின்னு."

"நீங்க இளைச்சாச்சுங்க. தேவைக்கு மேலேயே இளைச்சாச்சு."

"எனக்குத் தெரியாதா? பேண்ட் இன்னும் அப்படியேதான் இருக்கு."

"பேண்ட்டை நான் புடிச்சிருக்கேன்."

"என்னைச் சாப்பிட வைக்கப் பொய் சொல்ற."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் உடம்பைப் பற்றி ஒன்று கேலி செய்தோம், இல்லையென்றால் பாசத்தில் பொய் சொன்னோம். வேறு என்ன பேசியிருக்கிறோம்? அக்கா என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல? நீயே சொல் என்பது போல நின்றேன். அவள் பையிலிருந்து பேண்ட்டையும் பிளேடையும் எடுத்தாள். துணியை அவர் மடியில் விரித்தாள்.

"இங்க பாருங்க. இது போன வாரம் போட்ட தையல். இது அதுக்கு முந்தின வாரம். இது அதுக்கும் முந்தி." ஒவ்வொன்றாக நூலை அறுத்துக்கொண்டே போனாள். சுருண்டு கிடந்த துணி கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. பிடித்த தையலெல்லாம் அறுந்து பழைய தையல் மட்டும் மிஞ்சிய பிறகும் அவள் கை நிற்கவில்லை, துணியை நீவிக் காட்டியது. துணியில் பழைய ஊசித் துளைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. "இதெல்லாம் உங்களுக்கு உடம்பு போட்டப்ப நான் பிரிச்சு விட்டது. கல்யாணத்துல எடுத்த அளவு இது இல்லைங்க. எப்பவுமே இருந்ததில்ல. நீங்க ஏறிக்கிட்டேதான் இருந்தீங்க. நான்தான் சொல்லல."

அத்தான் அந்தத் துளைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"எல்லாரும்தான் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. நீயுமா?"

"நான் சிரிக்கலைங்க. சத்தியமா ஒருநாளும் சிரிக்கல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு பயந்தேன்."

"இப்ப எப்படி இருக்கேன்?"

அவர் மெல்லக் காலைத் தரையில் ஊன்றி எழுந்தார். ஆஸ்பத்திரி அங்கியின் மேலேயே பேண்ட்டை ஏற்றிக் கொக்கியை மாட்டினார். கையை எடுத்தார். பேண்ட் வழுக்கிக் கணுக்காலில் போய் விழுந்தது. பக்கத்துக் கட்டில்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு நாளாக இருந்தால் முதல் ஜோக்கை அத்தான்தான் அடித்திருப்பார். குச்சி குச்சியாக இரண்டு கால்கள். அவை யாருடைய கால்கள் என்பது போல அவரே குனிந்து பார்த்தார்.

"அப்ப நான் இளைச்சது எப்பவோ போதுமானதா இருந்துச்சா?" என்றார். "நான் தெருவுல போய் நின்னப்பவே போதுமானதா இருந்துச்சா?"

நான் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். எலும்பு கையில் நெருடியது. அந்த மனிதரின் தோளில் எலும்பு இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அக்கா சோற்றைப் பிசைந்தாள். கீரையை ஒதுக்கி, பருப்பைக் கூட்டி, சின்னதாக ஓர் உருண்டை பிடித்து வாயருகே கொண்டுபோனாள். அவர் வாய் திறக்கவில்லை. பிடிவாதமில்லை அது.

"பயமா இருக்கும்மா" என்றார். "சோத்தைப் பாத்தா பயமா இருக்கு."

ஒருவாய்ச் சோற்றுக்காக டிப்போவிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வருகிற மனிதர் அவர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சோத்தைப் பாக்காதீங்க. என்னைப் பாருங்க."

அவர் பார்த்தார். உருண்டை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. பருப்புத் தண்ணீர் அவள் மணிக்கட்டில் வழிந்தது.

"சாப்பிட்டு மறுபடியும் குண்டாயிட்டா?"

"பிரிச்சு விடுறேன்."

"எனக்குத் தெரியாமலா?"

"இல்லைங்க. உங்ககிட்டச் சொல்லிட்டு."

அத்தான் வாயைத் திறந்தார்.